வங்கக் கடலில் அவர்கள் கப்பல்

14 டிசம்பர் 1971, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மூன்றாமாண்டு விடைத்தாள்கள் பாதிதான் திருத்தினேன். தலைவலி.

செய்தித்தாளில் பெரிய எழுத்தில்: போரில் எதிரிக்குத் துணையாக அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வங்கக் கடலை நோக்கி வருகிறதாம். தம்பி சாமு அங்கேதான். நம் போர்க்கப்பல் ஒன்றில் இஞ்சின் அறை வேலை. எந்தக் கப்பல், எங்கே நிற்கிறது, எதையும் எழுதக் கூடாது அவர்கள். கடைசிக் கடிதம் தீபாவளிக்கு முன்பு.

அம்மா இன்று தறிக்குத் தார் சுற்றவில்லை. பட்டுநூல் ராட்டையிலேயே தொங்குகிறது. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"நீ அந்த நாட்டப் பத்தித்தான இத்தினி வருசமா படிச்சிக்கினு இருக்குற. சொல்லு, சுடுவானுங்களா?"

சும்மா மிரட்டுகிறார்கள் என்றேன். என்ன ஆதாரம்? ஒன்றுமில்லை. நான் படித்தது, நமக்குப் பஞ்சம் வந்தபோது கோதுமை தருவதற்கு அவர்கள் மாதக்கணக்கில் இழுத்தடித்த கதை. அதற்கும் இதற்கும் வெகு தூரம்.

15, புதன்

மேகமூட்டம். வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சிவப்பு மை, அம்மாவுக்குத் தைலம்.

பாடம் நடக்கவில்லை. பிள்ளைகள் அமெரிக்க அதிபரின் கொடும்பாவியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை ஊர்வலம். போகிற வழியில் ஒரு மாணவன் நின்று, "மிஸ், நீங்க அந்த ஊருக்குத்தான போவப் போறீங்க?" என்றான். நல்ல பையன், நன்றாகப் படிப்பவன்.

முதல்வர் கூப்பிட்டார். நாளைக் கண்டனக் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். அத்தோடு, ஆராய்ச்சி செய்ய அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்னை அழைத்திருக்கிறதே, அதை மறுத்து எழுதிவிட்டால் கல்லூரிக்கு நல்லது என்றார். யோசிக்கிறேன் சார் என்று வந்துவிட்டேன். அழைப்பு வரப் பல வருஷம் காத்திருந்தவள். இன்று மேஜையில் அதைப் பார்த்தாலே சோர்வு.

16, வியாழன்

வெயில், கொஞ்சம். மார்கழி பிறந்துவிட்டது. விடியுமுன்பே கோயில் பாட்டு, தூக்கம் போயிற்று.

கூட்டம். கோஷம் போடுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கோதுமை விஷயத்தில் அவர்கள் சபையிலேயே நமக்காகச் சண்டை போட்டவர்களும் உண்டு, நம்மைக் கெஞ்ச வைக்க வேண்டும் என்றவர்களும் உண்டு. இந்தக் கப்பலை அனுப்பியது யார் பேச்சைக் கேட்டு என்று எனக்குத் தெரியாது. பின்வரிசையில் கூச்சல். என் தம்பி அந்தக் கடலில் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். கூச்சல் ஓயவில்லை. இறங்கிவிட்டேன்.

மாலை வானொலியில்: டாக்காவில் எதிரிப் படை சரணடைந்துவிட்டது. தெருவெங்கும் பட்டாசு. அம்மா வெளியே வரவில்லை. "அந்தக் கப்பல் திரும்பிப் போயிட்ச்சா?" அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

21, செவ்வாய்

பனி. இருமல்.

கல்லூரியிலிருந்து வந்தால் அம்மா வாசற்படியில், கையில் தந்தி. மத்தியானமே வந்ததாம். எதிர்வீட்டு நெசவாளர் படித்துச் சொல்கிறேன் என்றாராம், அம்மா கொடுக்கவில்லை. என் கையிலும் உடனே கொடுக்கவில்லை. விரல்களைப் பிரித்துத்தான் வாங்கினேன்.

நலம். சாமு.

திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போனேன்.

22, புதன்

அம்மா மறுபடி ராட்டையில். அமெரிக்காவுக்கு வரவில்லை என்று எழுதிவிடப் போகிறேன், அலுத்துவிட்டது என்றேன். சக்கரத்தை நிறுத்தவில்லை அவள்.

"எதுக்கு அனுப்பினானுங்க அந்தக் கப்பல?"

"தெரியலம்மா."

"அங்க போனா தெரியுமா?"

"அந்த ஃபைலெல்லாம் பூட்டி வெச்சிருப்பாங்க. தொறக்க இருபத்தஞ்சு, முப்பது வருசம் ஆவும்."

சக்கரம் நின்றது.

"அப்ப நான் இருக்க மாட்டேன். நீ இருப்ப இல்ல? இப்பவே போயி, எந்த ரூம்ல பூட்டறானுங்கன்னு பாத்துக்கினு வா."

அமெரிக்கா போக விடுப்பு விண்ணப்பம். நாளைக்கு முதல் வேலை அதுதான்.