இராத்திரிச் சோறு

ஆடி, செவ்வாய்க்கிழமை.

இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஆறடி நடந்தேன். பக்கவாதத்தில் விழுந்து மூன்று மாதம் கழித்து இதுதான் முதல் நடை. சந்தோஷத்தில் மகள், "இனியாச்சும் அம்மா ராத்திரி சாப்பிடும்ல, அப்பா" என்று உளறிவிட்டாள். நான் அய்யனார் கோயிலுக்கு நடந்து போகும்வரை ஒருவேளைச் சோறுதான் என்று என் மனைவி வேண்டியிருக்கிறாள். அவள் வளையல் முழங்கைவரை ஏறுவதை இன்றுதான் கவனித்தேன்.

"என் காலுக்கு என்னயக் கேக்காம எப்புடி வெல பேசுன?" என்றேன்.

"சாமிகிட்டயும் பேரமா? படுத்தும் யாவாரி புத்தி போகலயே ஒங்களுக்கு" என்று சிரித்தாள்.

நான் விடவில்லை. கடைசியில், வேண்டுதலை மாற்றலாமா எனச் சாமியையே கேட்போம் என்று வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டாள். மகள் எடுத்தது வெள்ளை. சாமிக்குச் சம்மதம்.

பேசி முடித்தது இது: நான் வாசல்வரை நடக்கும் நாளில் அவள் இராத்திரி சாப்பிடுவாள். நடக்காத நாளில் இருவரும் பட்டினி.