இருபத்து நான்கு இலக்கம்

ஆபான் மாதம் 4, ஞாயிறு

பெண்கள் பள்ளியிலிருந்து அழைத்தார்கள். கணித ஆசிரியை பிரசவத்துக்குப் போகிறாராம். செவ்வாயன்று ஒன்பதாம் வகுப்புக்கு நான் ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் சித்தியின் தையல் கடைதான்.

ஆபான் 5, திங்கள்

பாடம் முடிவாகிவிட்டது: 357686312646216567629137.

பகா எண். கடைசி 7-இல் தொடங்கி இடப்பக்கம் ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்தால் 37, 137, 9137... வழியில் வருவதெல்லாம் பகா எண்களே. இருபத்து நான்காவது இலக்கத்தோடு சரி. அதற்கு முன்னால் 1 முதல் 9 வரை எதை வைத்தாலும் பகா எண் கிடைக்காது. நாங்கள் பாரசீக எழுத்தை வலமிருந்தும் எண்ணை இடமிருந்தும் எழுதுகிறவர்கள். இந்த எண்ணுக்கு மட்டும் கை திரும்ப வேண்டியதில்லை.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. காட்டினேன். "இதுல பாதியைச் சம்பளமாக் குடுத்தாக்கூடப் போதும்டி."

ஆபான் 6, செவ்வாய்

சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. தலைமையாசிரியை தபீபியான் கானும் — ஆசிரியைகளை மரியாதையாக ‘கானும்’ என்றுதான் அழைப்போம் — கடைசி பெஞ்சில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். எழுதி முடித்தேன். யெகானே என்றொரு பெண் எழுந்தாள்.

"இதுக்கு மேல போகாதுன்னீங்களே கானும், நீங்க போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. படிச்சதுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே! தபீபியான் கானும் எதையோ குறித்துக்கொண்டார்.

"அப்ப நாமளே பாத்துடலாமே."

"உக்காருடி பெரிய மேதை, பசிக்குது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஆனால் முதலில் கூட்டத் தொடங்கியவள் அவள்தான். இலக்கங்களின் கூட்டுத்தொகை 112. முன்னால் 2, 5, 8 எது வந்தாலும் மூன்றால் வகுபடும். 3 வந்தால் ஏழால். 6 வந்தால் பதினொன்றால். மிச்சம் 1, 4, 7, 9. மணி அடித்தது. யாரும் எழவில்லை.

வாசலில் தபீபியான் கானும் கேட்டார்: "பாடப் புத்தகத்துல இது எந்தப் பக்கம்மா?"

இல்லை என்றேன். இன்றைக்கு இரண்டாவது ‘இல்லை’.

ஆபான் 7, புதன்

மிச்சம் நான்கையும் கணினியில் காரணிகளாக உடைத்தேன். நான்கும் பகு எண்கள். இப்போது போட்டுப் பார்த்தாயிற்று — யாரிடம் சொல்ல?

ஆபான் 11, ஞாயிறு

அழைப்பு இல்லை. சித்தி கடையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தேன். கோணல்.

ஆபான் 14, புதன்

தபீபியான் கானும் ஃபோனில் பேசினார்.

"உங்களை எடுக்கிறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. ஆனா உங்க எண்ணால என் நிம்மதி போச்சும்மா. இலக்கண வகுப்புலயும் வகுத்துக்கிட்டு இருக்காளுங்க. யெகானே தினம் என் ரூம் வாசல்ல நிக்கிறா. அந்த மிச்சம் நாலையும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

விடை எனக்கு மனப்பாடம். வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஃபோன்ல முடியாது கானும். கரும்பலகை வேணும்."

அந்தப் பக்கம் தேநீர் உறிஞ்சும் ஓசை மட்டும்.

"சனிக்கிழமை ஏழரைக்கு வந்துடுங்க. பட்டச் சான்றிதழ் நகல் ரெண்டு, ஃபோட்டோ நாலு. மறந்துடாதீங்க."