இளி

என் சண்டைக்காரிக்கு,

சென்னைக்கு மாற்றல் கேட்கிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் உன் அம்மா வீட்டில் இருக்கிறாய். போனையும் எடுப்பதில்லை. அதனால் சிக்மகளூர் மலையிலிருந்து கடிதம்.

மலை சைக்கிள் பயணத்தில் முதல் இரண்டு நாள் நான்தான் எல்லோருக்கும் முன்னால். மூன்றாம் நாள் சரிவில் ஓடை பாதையை அறுத்திருந்தது. பின்னாலிருந்து வழிகாட்டி லோகேஷ், "இளி சார், இளி!" என்று கத்தினான். போட்டோ எடுக்கிறான் என்று நினைத்துப் பல் தெரிய இளித்தேன். இளித்தபடியே ஓடைக்குள் போனேன்.

"கன்னடத்துல இளின்னா எறங்குன்னு சார்! நாலு வருஷமா பெங்களூர்ல என்னதான் பண்றீங்க?" என்றான் தூக்கிவிடும்போது.

நீ சிரிப்பது கேட்கிறது. சிரி. கையெழுத்து கோணல் என்று மட்டும் சொல்லாதே. இடது கைக்கு இதுதான் முதல் கடிதம்.

மாற்றல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. வலது கை மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் போட மாட்டேன். கன்னடம் நீயே சொல்லிக்கொடு. சீக்கிரமாகச் சொல்லிக்கொடு.

ஞாயிறு காலை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு வா. பஸ் நின்றதும் படிக்கட்டுக்கு எதிரே நின்று, "இளி" என்று சொல். இரண்டு மொழியிலும் செய்கிறேன்.

உன் அவசரக்காரன்