குதிர்மேல் போர்த்திய துணியை எடுத்துவிடுக

மழை தவறாது பெய்க. ஏரிகள் கரை தொடுக. சேந்தாற்றின் இரு கரையும் ஆண்டு, ஆழிமதில் நகரத்து அரியணையில் வீற்றிருக்கும் அரசி அல்லியங்கோதை, மேட்டுக்கூற்றத்து ஊரவையாருக்கும், அங்குள்ள மலைப் படைவீட்டைக் காக்கும் தலைவர் கொடும்பை மாறனாருக்கும் விடுக்கும் திருமுகம். உங்கள் மனைகளில் அடுப்பு அணையாதிருக்க. உங்கள் பட்டிகளில் ஆடுகள் பெருகுக. நாம் நலமே, ஆயினும் களைத்திருக்கிறோம். இதை ஓலையில் எழுதலாகுமோ என்று எழுத்தன் தயங்கினான். எழுது என்றோம்.

அறுவடைக்குப் பின் நீங்கள் விடுத்த விண்ணப்பம் நம் கைக்கு வந்தது. படைவீட்டு வீரர் உண்ணும் அரிசி முழுதும் துறைமுகத்திலிருந்து படகேறி, பின் பொதிமாடு ஏறி வருகிறது என்றும், மதில்மேல் நின்றால் கண்ணுக்குத் தெரியும் வயல்களில் விளையும் உங்கள் வரகையும் மொச்சையையும் கேட்பார் இல்லை என்றும், இவ்வாண்டும் இப்படியே போனால் உழுகிறவர்கள் கலப்பையைச் சார்த்திவிட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை சுமக்கப் போவார்கள் என்றும் அதில் கண்டிருந்தது. உண்மை அறிந்துவர நம் களஞ்சிய அதிகாரி வெண்கொற்றனாரை அனுப்பினோம். அவர் அங்கே கண்டதும் காணத் தவறியதும் இந்த ஆணைக்குக் காரணமாதலின், நடந்தது நடந்தபடி இங்கே எழுதப்படுகிறது.

வெண்கொற்றனார் புறப்படும்போதே அலுத்திருந்தார். வாழ்நாளெல்லாம் எருதுவண்டியில் குலுங்கிக் குலுங்கி அவருடைய முழங்கால்கள் இரண்டும் அவர் சொல் கேட்பதை நிறுத்திவிட்டன. இதுவே கடைசிப் பயணம், திரும்பியதும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மேட்டுக்கூற்றத்தில் அவருக்குக் குறையொன்றும் வைக்கவில்லை நீங்கள். போன வீடெல்லாம் இலை போட்டீர்கள். இலையெல்லாம் வெள்ளை அரிசிச் சோறு. இது உங்கள் நிலத்து விளைவோ என்று அவர் கேட்டார். இல்லை, துறைமுகத்து உயர்ந்த அரிசி என்று பெருமையோடு சொன்னீர்கள். நீங்களும் நாள்தோறும் இதையே உண்பீர்களோ என்று கேட்டார். இதையேதான் என்றீர்கள். வயல்களில் அறுத்த தாள் மட்டும் நின்றது. களங்கள் பெருக்கிக் கிடந்தன. அவர் மேலும் துருவவில்லை. முழங்கால் வலித்தது.

கடைசியாகக் கோட்டூரில் சிறுபூதி என்பவள் வீட்டில் தங்கினார். அவள் கணவன் ஆதன், துறைமுகத்துக்குப் போவதற்காக ஒரு வேட்டியையும் ஒரு செம்பையும் மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தான். கூடத்தில் ஆள் உயரத்துக்குப் புதுத்துணி போர்த்திய ஏதோ ஒன்று நின்றது. குலதெய்வமாக இருக்கும் என்று எண்ணிய வெண்கொற்றனார் முதலில் வணங்கினார். பிறகு களைப்பு மிகுந்து அதன்மேலேயே முதுகைச் சாய்த்தார். சாய்ந்தபடியே எழுத்தாணியை எடுத்து நமக்கு எழுதினார்: இக்கூற்றத்தார் உண்பதும் வெளியூர் அரிசியே, விற்பதற்கு இவர்களிடம் தானியம் இல்லை, விண்ணப்பத்தைத் தள்ளுக. உடன் வந்திருந்த குதிரைவீரன் அதை வாங்கிக்கொண்டு அப்போதே புறப்பட்டான்.

அன்று மாலை அவருக்கு வயிறு எரிந்தது. படகிலும் பொதியிலும் பழையதாகிப்போன அரிசி அது. வெந்நீர் கேட்கலாம் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அங்கே அடுப்போரம் கணவனும் மனைவியும் ஒரே சட்டியில் வரகுச் சோற்றையும் மொச்சைக் குழம்பையும் பிசைந்து உண்டுகொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் சிறுபூதி சட்டியை முந்தானையால் மூடினாள்.

அதன்பின் அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதும்படி பணித்தோம். அரசவைத் தமிழில் திருத்தினால் அதிலுள்ள உயிர் போய்விடும்.

"என்னம்மா அது?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா. ஆட்டுக்கு வச்சது."

"ஆட்டுக்கு வச்சதை நீங்க ஏன் திங்கிறீங்க?"

ஆதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடு எங்கேங்க இருக்கு? அதைக் குடுத்துத்தானே உங்களுக்கு அரிசி வாங்கினோம்" என்றான்.

"நீ வாயை மூடு" என்றாள் சிறுபூதி. பிறகு அவரைப் பார்த்து, "அரண்மனை ஆளு வந்து உக்காந்திருக்கீங்க. உங்க இலையில வரகைப் போட்டா ஊரு மானம் என்னாவறது? ஊரே அரிசிதான் போட்டுச்சு. நான் மட்டும் போடாம இருந்தா என்னைச் சும்மா விடுவாங்களா?" என்றாள்.

"தாயே, நான் வந்ததே அந்த வரகைப் பாக்கத்தானே!"

"அதை வந்த அன்னிக்கே சொல்றதுக்கென்ன? பால் குடுத்துக்கிட்டிருந்த ஆடு ஐயா அது."

விற்க வரகு உண்டா என்று அவர் மெல்லக் கேட்டார். அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள்; அவரும் பின்தொடர்ந்தார். அவர் சாய்ந்திருந்த இடத்துத் துணியை உருவினாள். மண்குதிர். அடியிலிருந்த அடைப்பைப் பிடுங்கினாள். வரகு சலசலவென்று அவர் பாதத்தின்மேல் கொட்டிக் கணுக்காலை மூடியது. "நல்லாத்தான் சாஞ்சிருந்தீங்க. முதுகுல உறுத்தலியா?" என்று கேட்டாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். அந்தச் சட்டியில் மீந்திருந்ததைக் கேட்டு வாங்கி உண்டார். வயிறு அடங்கியது. ஆனால் பொய்யான ஓலை அவருக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பை வரகைக் கட்டிக்கொண்டு, வண்டியேறி, வண்டி அச்சு முறிந்த இடத்தில் இறங்கி நடந்து, ஆற்றங்கரையில் ஓடக்காரனைக் கெஞ்சி, நம் அவைக்கு வந்து சேர்ந்தபோது அவரை இருவர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

அவருடைய ஓலையை நம்பி, மழைக்காலம் முடியும்வரை படைவீட்டுக்குத் துறைமுக அரிசியே வரும் என்று எழுதி நாம் முன்பே இலச்சினை இட்டுவிட்டோம். துறைமுக வணிகர் அந்த ஓலையைப் பெற்றுப் போய்விட்டனர். இலச்சினை இட்ட ஓலையை அரசரும் மீட்கலாகாது என்பது இந்நாட்டு முறை. எங்கும் ஒரே சோறு கிடைத்தது என்று ஒருவர் எழுதினால், எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை. அன்று நம் முன் ஓலைகள் குவிந்திருந்தன. வெண்கொற்றனார் மடைப்பள்ளியில் தாமே உலை வைத்து, அந்த வரகைப் பொங்கி நம் முன் வைத்துவிட்டுத் தூணோரம் அமர்ந்து உறங்கிப்போனார். நாம் உண்டோம். அவர் விழிக்கும்வரை அவையைக் கலைக்கவில்லை.

ஆதலின் நம் ஆணை யாதெனில்: மழைக்காலம் முடியும்வரை படைவீட்டுக்குத் துறைமுக அரிசியே வரும், அதை மாற்ற நமக்கு வழியில்லை. அதுவரை உங்கள் குதிர்களில் உள்ள வரகையும் மொச்சையையும் ஆழிமதில் அரண்மனை மடைப்பள்ளி கொள்ளும். நாமும் நம் அவையாரும் அதையே உண்போம். தை பிறந்தது முதல் படைவீடு மேட்டுக்கூற்றத்து விளைவையே கொள்ளக் கடவது. கூற்றத்தில் விளையாததை மட்டுமே வெளியிலிருந்து வருவிக்கலாம். வீரர் முகம் சுளிப்பர் என்று மாறனார் நமக்கு எழுத வேண்டா. சுளிக்கட்டும். மொச்சைக் குழம்பு ஊற்றினால் முகம் நேராகிவிடும் என்று வெண்கொற்றனார் உறுதி சொல்கிறார்.

இனி அரண்மனை ஆள் எவர் வரினும், அந்நிலத்தில் விளைந்ததையே இலையில் இடுக. மானம் கருதி வேறு சோறு இடுவோர் நம் விருந்தாளியைப் பட்டினி இட்டவராகக் கருதப்படுவர். குதிர்களின்மேல் போர்த்திய துணிகளை இவ்வோலை கண்டவுடன் எடுத்துவிடுக.

சிறுபூதியின் ஆட்டைத் தேடினோம்; அது கைமாறிக் கைமாறி எங்கோ போய்விட்டது. குட்டியோடு வேறோர் ஆட்டை இவ்வோலை கொணர்வோனிடம் அனுப்பியிருக்கிறோம். ஆதன் துறைமுகத்துக்குப் போய்விட்டான் என்று கேள்வியுறுகிறோம். அவனை அழைத்துவர ஆள் போயிருக்கிறது; வருவானோ, அறியோம். அவன் வயலை வேறெவரும் கொள்ளலாகாது. அது அவனுக்காகக் காத்திருக்க.

வெண்கொற்றனாரை இனி எங்கும் அனுப்புவதில்லை என்று அவர் மனைவிக்கு நாமே வாக்களித்தோம். ஆயினும் முழங்கால் தேறியதும் கோட்டூருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று அவரே கேட்கிறார். இம்முறை அதிகாரியாக அல்ல, பசித்து வருவார்.

இதை எழுதியவன் திருமுக எழுத்தன் நாகங்குமரன். இலச்சினை இட்டோம். இம்முறை உண்டபின் இட்டோம்.