திருநீறு வைத்த விரல்

11.11.2024, திங்கள்
விளக்கு ஏற்றியாயிற்று. கேழ்வரகு இரண்டு படி காய வைத்தேன். கடுகு கூழைத் தொடவில்லை. நாற்பது நாள் நாய்க்குட்டி, இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எப்போதும் என் முந்தானையைக் கடித்துக்கொண்டே பின்னால் வரும். இன்று அடுப்படியில் சுருண்டு கிடந்தது. இரண்டு முறை வாந்தி, வெறும் நுரை.

12.11.2024, செவ்வாய்
காலையில் பேதி. ரத்தம் கலந்து, தாங்க முடியாத நாற்றம். ஒயர் கூடையில் பழந்துண்டு விரித்து, பாப்பாரப்பட்டி கால்நடை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் சிரித்தார். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நடந்தே போன்னு சொன்னவதானே நீ? நாயி கூடையில பவனி போகுது!"

டாக்டர் யுவராணி சின்ன வயசு. "இது பார்வோன்னு ஒரு வைரஸுங்கம்மா. அதைக் கொல்ற மருந்து இல்லீங்க. உடம்புல தண்ணி வத்தாம நாம பாத்துக்கணும், குட்டிதான் போராடி எந்திரிக்கணும்" என்றார். தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். வாந்தி நிற்கும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது, தினமும் கொண்டுவர வேண்டும். எடை எழுநூற்று இருபது கிராம்.

மாலை மாரியம்மன் கோயில் திருநீறு வாங்கிவந்து கடுகு நெற்றியில் வைத்தேன். அதே கையோடு, இரண்டு வீடு தள்ளி, செல்லி வளர்க்கும் வெள்ளச்சிக்கும் வைத்தேன். கடுகோடு கூடப் பிறந்த குட்டி. அதற்கு வராமல் இருக்கட்டும் என்று.

13.11.2024, புதன்
கணக்கு நோட்டின் பின்பக்கம் கட்டம் போட்டேன். வாந்தி 6, பேதி 4, சிறுநீர் 1. டாக்டர் பார்த்துவிட்டு, "இப்படி யாருங்க எழுதிட்டு வர்றாங்க!" என்றார். சந்தோஷமாக இருந்தது. பிறகு கேட்டார்: "பக்கத்துல வேற குட்டி இருக்குதுங்களா? கை, சேலை, செருப்பு எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டுப் போகும். ப்ளீச்சிங் பவுடர் கரைச்சுக் கழுவுங்க."

அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன்.

14.11.2024, வியாழன்
வாந்தி 5. செல்லியிடம் சொல்லவில்லை. காலையில் வெள்ளச்சி கோழியை விரட்டிக்கொண்டு ஓடியது. நல்லாத்தானே இருக்கு? பிறகு எதுக்குச் சொல்லணும்? — சொல்லாம இருந்து நாளைக்குப் படுத்துக்கிட்டா? தாயே, உன் திருநீறுதானே. நான் கெட்டது நினைச்சா வெச்சேன்?

15.11.2024, வெள்ளி
கோயிலுக்குப் போகவில்லை. செல்லி வீட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னேன். எப்போதும் சொல்லும் "உள்ள வாங்கக்கா" வரவில்லை.

"சாமி பேரச் சொல்லி சீக்கக் கொண்டாந்து வெச்சிட்டீங்களேக்கா."

அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடுகு வாந்தி 2.

16.11.2024, சனி
வாந்தி இல்லை.

17.11.2024, ஞாயிறு
டாக்டர் சொன்னபடி, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் சிரிஞ்சில் மூன்று மில்லி, அரை மணிக்கு ஒரு தரம். உள்ளே நின்றது. மாலை வால் அசைந்தது, ஒரே தரம். செல்லியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

18.11.2024, திங்கள்
செல்லி வந்தாள். "அந்தக் கூடையக் குடுங்கக்கா." வெள்ளச்சி ஒரு தரம் வாந்தி எடுத்ததாம். "நீங்க சொன்னதுலருந்து அது மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன்."

நானும் பஸ் ஏறினேன். டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். "மொத வாந்தியிலயே கொண்டாந்தது நல்லதுங்க. உங்க கையால வந்துச்சா, ரெண்டுக்கும் முன்னாடியே ஒட்டியிருந்துச்சா, யாரும் சொல்ல முடியாதுங்கம்மா" என்றார். செல்லி என்னைப் பார்க்கவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவேன்?

20.11.2024, புதன்
கடுகு தானாகக் கூழ் நக்கியது. எடை எழுநூற்று எண்பது.

23.11.2024, சனி
செல்லிக்கு எழுத்து வராது. நானே ரேஷன் கடைப் பலகையைப் பார்த்து எழுதப் பழகியவள்தான். அவள் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறாள், ஒரு வாந்திக்கு ஒரு கோடு. வியாழன் மூன்று. நேற்று ஒன்று. இன்று வெறும் சுவர்.

வாசலிலேயே நின்றேன். வீட்டில் கட்டிப்போட்டு வந்த கடுகு குரைப்பது அங்கே வரை கேட்டது.

"உள்ள வாங்கக்கா" என்றாள். குட்டியை நீட்டினாள். "திருநீறு வெக்கலீங்களா?"

குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். பிறகு வைத்தேன்.