உன் காருக்கு நான் பூட்டிய விளக்கு

என் அருமை மச்சான் பற்றிக்குக்கு,

பின்னேரச் செபமாலை முடிய உன்னோடு இரண்டு வார்த்தை பேசாமல் நான் எழும்புவதில்லை. ஆனால் இந்தக் கதை இரண்டு வார்த்தைக்குள் அடங்காது, அதுதான் எழுதுகிறேன். உன் காரில் நான் கை வைத்துவிட்டேன் மச்சான். "வள்ளத்து எஞ்சின் திருத்திறவன் என்ரை காரைத் தொடப்படாது" என்று ஊர் கேட்கச் சொன்னவன் நீ. இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாய். நீ இல்லாதபடியால் நான் கேட்கவில்லை.

நீ கண்ணை மூடிய முதல் வருசம் றெஜி படலையைத் தாண்டவில்லை. அவள் என் கூடப்பிறந்த தங்கச்சி, ஆனால் நான் போய் நின்றாலும் முகம் பார்த்துக் கதைக்கமாட்டாள். சமைப்பாள், அரைவாசியைக் கோழிக்குக் கொட்டுவாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் அரசல்புரசலாகப் பேசத் தொடங்கியபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேசி என்ன, எனக்கும் அந்தப் பயம் இருந்ததுதான்.

பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வயிற்றுக்குத்து. வாகனம் ஒன்றும் கிடைக்கவில்லை. றெஜி எழும்பி, உன் காரின் திறப்பை எடுத்து, அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். கோயில் வளவுக்குள் நீ அவளுக்குக் கார் ஓடப் பழக்கினது எங்களுக்குத் தெரியும். றோட்டில் ஓடுவாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு கிளினிக்குக்குப் போகிற பெண்கள், முள்ளியவளைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். "பற்றிக் அண்ணையின்ரை கார்" போய் "றெஜியக்கான்ரை கார்" வந்தது. கோபிக்காதே. அவள் மறுபடி சிரித்ததை நான் அந்தக் காருக்குள்தான் கண்டேன்.

ஓட்டம் மட்டும் அப்படியே உன்னுடையது. இத்தனை வருசம் பக்கத்துச் சீற்றில் இருந்து பார்த்துப் பார்த்துப் படித்தவள்தானே. வளைவுக்கு வளைவு உன்னைப் போலவே வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். உன்னைப் போலவே லைற் போடமாட்டாள். மைமல் கட்டி, றோட்டும் வேலியும் ஒன்றாகிப் போகிற நேரத்திலும் நீ "இன்னும் வெளிச்சம் கிடக்குத்தானே" என்பாய். அவளும் அதையே சொல்வாள். நாங்கள் யாரும் அதைப் பிழையாகக் காணவில்லை. வானத்தில் இரைச்சல் கேட்டால் குப்பி விளக்கைக்கூட ஊதி அணைத்து வளர்ந்த ஆட்கள் நாங்கள். ரோர்ச்சைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் சைக்கிள் மிதித்தவர்கள். வெளிச்சம் போடுவது என்றால் இன்றைக்கும் எங்கள் கை கொஞ்சம் பின்னுக்கு நிற்கும்.

ஒரு பின்னேரம் வயலடி வளைவில் ஒரு மனிசன் மகளைச் சைக்கிளில் முன்னுக்கு இருத்திக்கொண்டு வந்திருக்கிறான். றெஜி கண்டது கடைசி நேரத்தில். காரை ஓரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டாள். சைக்கிள் வாய்க்காலுக்குள் போனது. நல்லகாலம், பிள்ளைக்கு முழங்கால் உரஞ்சினதோடு சரி. "லைற்றைப் போட்டுக்கொண்டு வரப்படாதோ அக்கா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான் அந்த மனிசன். ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

வீட்டுக்கு வந்து திறப்பை ஆணியில் கொழுவியவள் பிறகு தொடவில்லை. வவுனியாவில் இருந்து உன் மகள் நிரோஜா எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமா, அந்தக் காரை வித்துப்போடுங்கோ. அம்மா இனி வீட்டிலை இருந்தாக் காணும்."

வீட்டில் இருந்தால் போதுமாம். அந்த வீடு அவளை ஒரு வருசம் என்ன செய்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். கார் போனால் அவள் மறுபடி உள்ளுக்குப் போய்விடுவாள், இந்த முறை வெளியில் எடுக்க ஒன்றும் இருக்காது. எனக்கு அந்த ஒரு பயம்தான். மறந்துபோகிற கைக்குப் பதிலாக வேறு ஏதாவது லைற் போட்டுவிட்டால் போதுமே என்று யோசித்துக்கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

அங்கே வாகனச் சாமான் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "இருட்டினாத் தானாப் பத்தும், வெளிச்சம் வந்தாத் தானா நூரும். ஓடுற ஆள் மறந்தாலும் இது மறக்காது தம்பி" என்றார். வீட்டுக்கு வந்து எஞ்சினை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் எரியுமாம், இறங்கிக் கதவடிக்குப் போக வெளிச்சம் வேணும்தானே என்று அதையும் பெருமையாகச் சொன்னார்.

"ஆர் பூட்டுறது? வயர் வேலை தெரிஞ்ச ஆள் இருக்கோ?"

"நானா, நடுக்கடலிலை நிண்டுபோன எஞ்சினை ஓட வைக்கிறவன் நான்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி தம்பி" என்றார். அந்தச் "சரி"யிலேயே நான் விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு காலை முழுதும் உன் காருக்குள் மல்லாந்து கிடந்தேன். லைற் சுவிச்சின் பின்பக்கத்தில் இருந்து பெட்டிக்கு வயர், திறப்புப் போடுகிற இடத்தில் இருந்து இன்னொன்று. பிறகு சேட்டுப் பொத்தான் அளவில் ஒரு கண். வெளிச்சத்தைப் பார்த்து இரவா பகலா என்று சொல்வது அந்தக் கண்தான். அதை முன்கண்ணாடிக்குக் கீழே, மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். என் வேலை உனக்குத் தெரியும். உப்புக்காற்றுப் படுகிற இடத்தில் ஒரு நூல் செம்பும் வெளியில் தெரியவிடமாட்டேன். தொட்டதை எல்லாம் கறுப்பு ரேப்பால் சுற்றிச் சுற்றி இறுக்குவேன், வள்ளத்தில் அப்படித்தான் பழக்கம். காரிலும் அப்படியே செய்தேன். ஒன்றையும் விடவில்லை. அந்தக் கண்ணையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன்.

நீ சிரிக்கிறது கேட்கிறது. சிரி.

பட்டப்பகலில் ஓடிப் பார்க்கப் புறப்பட்டேன். எதிரில் வந்த ஓட்டோக்காரன் கையை வெளியில் நீட்டி விரல்களை விரித்து விரித்து மடக்கினான். அவனுக்குப் பின்னால் வந்த லொறிக்காரனும் அப்படியே. பற்றிக்கின் கார் திரும்ப ஓடுகிறதில் சனத்துக்கு எவ்வளவு சந்தோசம் என்று நினைத்து நானும் எல்லாருக்கும் கையாட்டிக்கொண்டு போனேன். முள்ளியவளையில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பகலில் லைற் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகிறது செத்தவீட்டு வாகனம்தானே. அந்த மனிசன் பின்னால் சவப்பெட்டி வருகிறது என்று நினைத்துவிட்டார். எனக்கு வெட்கமாகவும் கடுப்பாகவும் இருந்தது. நானாவுக்குப் போன் எடுத்து, சாமான் பிழை என்று சத்தம் போட்டேன். மனிசன் முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, கண்ணையும் கட்டிட்டீங்களோ?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு ரேப்பை உரித்தேன். லைற் நூர்ந்தது.

அடுத்தநாள் பின்னேரம் றெஜியைக் கெஞ்சி ஏற்றினேன். "ஒருக்கா ஓடிப்பார், பிடிக்கேல்லையெண்டா நானே விக்கிறன்" என்றேன். மழை இருட்டு. கொஞ்சத் தூரம் போகமுன்னம் லைற் தானாகப் பற்றி றோட்டு மஞ்சளாக விரிந்தது. அவளுடைய கை திடுக்கிட்டு எழும்பியது.

"ஆரண்ணை போட்டது?"

"காரே போட்டுது."

"என்னைக் கேளாமலோ?"

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

அதற்கு அங்கால் ஆமிக்காரர் மறித்துக்கொண்டு நின்றார்கள். இப்போதெல்லாம் குறைவு, அன்றைக்கு மண் ஏற்றுகிற ரிப்பர் லொறிகளைப் பார்க்க நின்றிருக்கிறார்கள். மறிப்பைக் கண்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. தூரத்திலேயே முன் லைற்றை நூர்ப்போம், உள் லைற்றைப் போடுவோம், கண்ணாடியை இறக்குவோம். றெஜி சுவிச்சைத் திருகினாள். நூரவில்லை. திரும்பத் திருகினாள். சுவிச் சொன்னாலும் கேளாதபடி பூட்டியவன் நான்தான், அதையும் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். அவள் நடுவழியில் காரை நிறுத்தித் திறப்பைக் கழற்றினாள். எஞ்சின் நின்றது. லைற் நின்றால்தானே. நானா பெருமையாகச் சொன்ன அந்த வெளிச்சம் நேரே ஆமிக்காரப் பொடியனின் முகத்தில் அடித்துக்கொண்டு நின்றது.

"றெஜி, பொறு, அது தானா நூரும்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. அவள் கதவைத் திறந்து ஓடிப்போய் ஒரு லைற்றுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றாள். மற்ற லைற் எட்டவில்லை. கையை நீட்டி, சேலைத் தலைப்பை அதற்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். என் தங்கச்சியை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை மச்சான்.

லைற் தானாக நூர்ந்தது. பொடியன் கிட்ட வந்தான். "அம்மா, கார் பழுதா? தள்ளவா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். "லைற் பரவாயில்லை. இருட்டுதானே. போட்டுட்டு வாங்க." அவன் கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் அவன் பால்குடி. நான் அவளை இருத்திவிட்டுக் காரைத் திருப்பினேன்.

வழியில்தான் சொன்னாள். கடைசி இடப்பெயர்வில் உன் பழைய வானை நீ லைற் இல்லாமல் ஓடினாயாம். அவள் பூசைக்குப் போடுகிற வெள்ளை முக்காட்டை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு வானுக்கு முன்னால் நடந்தாளாம். அந்த வெள்ளையைப் பார்த்து நீ ஓடினாயாம். நிரோஜா பின்னுக்கு நித்திரை.

"எங்களுக்குப் பின்னாலை வந்த ஒராள் வழி தெரியேல்லை எண்டு லைற்றைப் போட்டது அண்ணை. ஒருக்காத்தான் போட்டது..."

அந்த வெளிச்சத்துக்கு ஷெல் அடித்திருப்பார்கள் என்று எனக்கு விளங்கியது.

ஏன் மச்சான் எனக்குச் சொல்லவில்லை? ஒரே வள்ளத்தில் எத்தனை விடியல் இருந்தோம். சொல்லக்கூடாத கதை எல்லாம் சொல்லிச் சிரித்தாய், இதை மட்டும் ஏன் விழுங்கினாய்? மைமலில் லைற் போடாமல் நீ முன்னுக்கு உற்றுப் பார்த்துக்கொண்டு ஓடுவாயே, அப்போது எதைப் பார்த்தாய்? நான் உன்னைப் பற்றறிக்குக் கஞ்சன் என்று பகிடி பண்ணியிருக்கிறேன்.

விடிந்ததும் வயர் வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு போனேன், எல்லாவற்றையும் பிடுங்கி எறிவதென்று. றெஜி குசினிக்குள் இருந்து வந்தாள்.

"ஏன் கழட்டுறியள்?"

"நீ நேற்றுப் பயந்துபோனியே பிள்ளை. இந்தச் சனியன் வேண்டாம். காரும் வேண்டாம். வித்துவிடுவம்."

"சைக்கிளிலை வந்த அந்தப் பிள்ளைக்கு லைற் வேணும் அண்ணை. அது எரியட்டும்." கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு ஒரு சுவிச் வேணும். நான் நூர் எண்டால் அது நூரவேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். நானாவின் பெட்டியிலும் என் மண்டையிலும் இல்லாத ஒன்று. வள்ளத்துக்கு என்று வைத்திருந்த ஒரு நல்ல சுவிச்சை எடுத்து, ஸ்ரேறிங்குக்குக் கீழே அவளுடைய விரல் படுகிற இடத்தில் பூட்டிக் கொடுத்தேன். போட்டுப் போட்டு நூர்த்துப் பார்த்தாள். பிறகு ஆணியில் கிடந்த திறப்பை எடுத்தாள்.

இப்போது ஓடுகிறாள். மைமல் வர லைற் தானாக வருகிறது. மறிப்பைக் கண்டால் உள் லைற்றை மட்டும் போடுகிறாள், முன் லைற் எரிந்தபடி போகிறாள். "என்னைக் கண்டால் காணட்டும்" என்கிறாள். நிரோஜாவும் இப்போது விற்கிற கதை எடுப்பதில்லை. அந்தச் சுவிச்சை அன்றைக்குப் பிறகு றெஜி தொட்டதே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து ஆட்களை இறக்கிவிட்டு இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தோம். உன் கல்லறை இருக்கிற சேமக்காலையடியில் அவள் காரைத் தார் றோட்டால் இறக்கி, கேற்றுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். விரலால் சுவிச்சை அமத்தினாள். சுற்றிவர இருண்டது. கடல் மட்டும் இரைந்தது.

"என்ன பிள்ளை, கார் ஏதும் பழுதோ?"

"இல்லை அண்ணை. நான் ஒவ்வொரு நாளும் இதிலை நூர்த்துப்போட்டுக் கொஞ்சம் நிக்கிறனான். அவர் என்னை இருட்டுக்குள்ளைதானே பார்த்துக்கொண்டு வந்தவர்."

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அவளே லைற்றைப் போட்டு, காரைத் திருப்பி, வீட்டுக்கு ஓடினாள்.

அந்தச் சுவிச் ஒருநாளும் கைவிடாமல் நான் பார்த்துக்கொள்வேன் மச்சான். நீ அவளைப் பார்த்துக்கொண்டிரு.

றெஜியின் அண்ணன்,
நிரோஜாவின் மாமன்,
என்றைக்கும் உன்ரை மச்சான்
சேவியர்