முள்ளுக்குள் முப்பது கன்று

செப்டம்பர் 5
இருபதாம் தேதி வனக்காவலர் ஜபார் வருகிறார். குத்தகைக்கு எடுத்த என் பங்குக் காட்டில் முப்பது அக்ரூட் கன்று நிற்க வேண்டும். நின்றால் இன்னும் ஐந்து வருடம் காடு எனக்கு. இல்லையென்றால் இந்த அறுவடையே கை மாறும். என் சித்தப்பா மகன் நுர்மத் இப்போதே காத்திருக்கிறான். சந்தையில் பார்த்தபோது, “அண்ணே, கூடாரம் எங்க அடிக்கலாம்னு பாத்து வச்சிட்டேன்” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் வாங்க வந்ததை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 7
போய்ப் பார்த்தேன். போன வருடம் கயிறு கட்டி வரிசையாக நாற்பது நட்டேன். நிற்பது இரண்டு! மீதியெல்லாம் மாடு. அதுவும் யார் மாடு? என் மாடு. அறுவடைக்குக் குடும்பத்தோடு காட்டில் கூடாரம் அடித்துத் தங்கப் போகும்போது மாட்டையும் ஓட்டிப் போகிறோம். பால் இல்லாமல் டீ எப்படி இறங்கும்? ஊரே அப்படித்தான் செய்கிறது. அங்கே நிற்கும்போதே ஒரு காக்கை காயைக் கொத்திக்கொண்டு பறந்தது. கல்லை விட்டெறிந்தேன். படவில்லை.

செப்டம்பர் 8
ரொட்டி இறங்கவில்லை. இரண்டு எங்கே, முப்பது எங்கே.

செப்டம்பர் 11
கன்றுதான் இல்லை, காடாவது சுத்தமாகத் தெரியட்டும் என்று கீழ்ச்சரிவின் காட்டு ரோஜாப் புதரையெல்லாம் வெட்டிச் சாய்த்தேன். “பழத்துக்காவது விட்டு வைங்க” என்றாள் என் மனைவி சைராகுல். உனக்கு என்ன தெரியும் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். 

செப்டம்பர் 12
எரிக்க முள்ளை இழுத்தேன். கையெல்லாம் கறுப்புக் கறை, அக்ரூட் இலை வாசம். ரோஜாவுக்கு ஏது இந்த வாசம்? குவியலைக் கலைத்துப் பார்த்தேன். இடுப்பளவு தண்டுகள், புதருக்கு நடுவே வளர்ந்தவை. பத்தொன்பது!

அட முட்டாளே. நான் நட்டதில்லை இவை. மேலே இருக்கும் மரத்துக் காய் இங்கே உருண்டு வராது, நடுவில் பள்ளம். காக்கைதான். திருடிக்கொண்டு வந்து மண்ணில் ஒளித்து வைத்து மறந்திருக்கிறது. முளைத்ததை மாடு தின்னாமல் முள் காப்பாற்றியிருக்கிறது. நான் அரிவாளோடு போயிருக்கிறேன்.

சைராகுலிடம் சொன்னேன். “அதுமேலதான கல்லெறிஞ்சீங்க” என்றாள். 

செப்டம்பர் 13
மேல்புதர் இன்னும் வெட்டாமல் இருக்கிறது. வயிற்றால் ஊர்ந்து போய் எண்ணினேன். பதினான்கு. வெட்டவெளியில் நிற்கும் இரண்டையும் சேர்த்தால் பதினாறு.

செப்டம்பர் 15
எழுதவே வெட்கமாக இருக்கிறது. வெட்டிய தண்டுகளை ஓடைத் தண்ணீரில் போட்டு வைத்தேன். பத்தொன்பதாம் தேதி மண்ணில் செருகினால் ஒரு நாள் நிற்காதா? ஜபாருக்குக் கண் அவ்வளவு துல்லியம் இல்லை. சைராகுல் பார்த்துவிட்டாள். “புள்ளைங்க முன்னாடி இதச் செய்யாதீங்க.”

தண்டுகளை ஓடையோடு விட்டுவிட்டேன். வெட்டின முள்ளையெல்லாம் திரும்ப இழுத்து வந்து, மாடு வாய் வைக்காதபடி அடிக்கட்டைகள்மேல் போட்டேன். கை முழுக்கக் கீறல்.

செப்டம்பர் 20
ஜபார் வந்தார். கூடவே நுர்மத். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஜபார் முள்ளுக்குள் கைவிட்டு ஒரு கட்டையை நகத்தால் சுரண்டினார். உள்ளே பச்சை.

“நான் பதினாறுதான் எழுதுவேன்” என்றார். “இந்த அறுவடை நுர்மத்துக்கு. மே மாசம் வந்து திரும்ப எண்ணுறேன். முப்பது இருந்தா காடு உனக்கு.”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 28
என் காட்டில் நுர்மத்தின் கூடாரம். மாட்டையும் ஓட்டி வந்திருக்கிறான். முள் அங்கங்கே விலகிக் கிடக்கிறது. ஓடிப்போய் மாட்டை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். “பால் இல்லாம டீயா? நல்லா இருக்கே அண்ணே.” வாய் என்னை மீறிச் சொல்லிவிட்டது: பாலை நான் கொண்டுவருகிறேன்.

அக்டோபர் 9
தினமும் ஒரு மணி நேர ஏற்றம், தூக்குப் பாலோடு. என் காயைப் பொறுக்குகிறவனுக்கு நான் பால்காரன். ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும். மாடு இல்லை, அது போதும்.

ஜனவரி 17
பனி. கட்டைகளுக்கு உயிர் இருக்குமா?

மே 14
 ஜபார் எண்ணினார். பத்தொன்பது கட்டைகளில் பதினைந்து தளிர்த்திருக்கின்றன. மேல்புதரில் பதினான்கு. வெட்டவெளியில் நின்ற இரண்டும் பனிக்காலத்தில் போய்விட்டன. இருபத்தொன்பது.

திரும்ப எண்ணினார். இருபத்தொன்பதுதான்.  ஜபார் பேனாவை எடுத்தார்.

கூட வந்திருந்த நுர்மத் மேல்புதருக்குள் தலையை விட்டான். அப்புறம் ஆளையே காணோம், பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

“அண்ணே, இங்க ஒண்ணு இருக்கு. ஓடுகூட இன்னும் விழல.”

விரல் நீளம். போன அறுவடையில் அவனிடமிருந்து காக்கை திருடியது. ஜபாரும் ஊர்ந்துபோய்ப் பார்த்து, முப்பது என்று எழுதினார்.

நுர்மத் முழங்கை இரண்டிலும் ரத்தத்தோடு வெளியே வந்தான். சைராகுல் அவனுக்கு டீ கொடுத்தாள், பால் நிறைய விட்டு.